ஆட்டுத் தமனி வளையம் விரிய மறுக்கிறது, உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. விமான இறக்கைகளின் அதிர்வை ஆராய்ந்த பேராசிரியர் ஒய்.சி. ஃபங், பிறகு ரத்த ஓட்டத்துக்கும் உயிர்த்திசுக்களுக்கும் திரும்பியவர். 1966-இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் காட்டிய ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. தமனியை மெல்லிய வளையமாக நறுக்கி, ஓரிடத்தில் குறுக்கே வெட்டினால், அது லாடம்போல் வாய் திறந்துகொள்ளும்! ரத்த அழுத்தமே இல்லாதபோதும் சுவரின் உட்புறம் அமுங்கியும் வெளிப்புறம் இழுபட்டும் இருக்கிறது. ரத்தம் பாயும்போது சுமை சுவர் முழுவதும் ஓரளவு சமமாகப் பரவுவது இதனால்தான்.

ஞாயிறன்று இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து, ஆட்டின் பெருந்தமனியை வாங்கினேன். உடனே வெட்டிய வளையம் கண்முன்னே மெல்ல விரிந்தது, உடல் சிலிர்த்துவிட்டது. ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்த மிச்சமோ அசையவேயில்லை.

கால்நடை மருத்துவம் படித்தவர்களே, 0.9 சதவீத உப்புக் கரைசலில் உறையவிடாமல் வைத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும்? வெட்டியபின் வளையம் வாய் திறக்கும் கோணத்தை அளக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? வளையம் நசுங்காமல் நறுக்க எந்தக் கத்தி நல்லது? வியாழக்கிழமை இளைய மாணவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும். அனுபவத்தில் அறிந்ததைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.