ஊர்த் தலைவரைக் கேலிச்சித்திரமாக வரைந்தால் வழக்கு வருமா?

காலிங்கராயன்: எங்க ஊர்ச் சாக்கடையில் தலைவர் பரிசல் ஓட்டுகிற மாதிரி வரைந்து வாட்ஸப்பில் போட்டேன், இப்போது அவதூறு வழக்குப் போடுவேன் என்று ஆள் விட்டு மிரட்டுகிறாருங்க. அழித்துவிடட்டுமா?

நொய்யல்கரை: அழிக்காதீங்க தம்பி. நையாண்டிக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, ஆனால் அரசியல் சட்டம் 19(1)(அ) தரும் பேச்சுரிமையில் அதுவும் அடங்கும். இணையத்தில் புண்படுத்தும்படி பதிவு போட்டால் தண்டனை என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்துவிட்டது.

கோபி வக்கீல்: சரிதாங்க அண்ணா, ஆனால் 19(2)இல் அவதூறுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பொதுப்பணி பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு விலக்கு உண்டு, ஆதாரமில்லாமல் திருடன் என்று எழுதினால்தான் சிக்கல். 1987இல் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் ஆசிரியரைச் சட்டமன்றம் சிறைக்கே அனுப்பியது, அப்புறம் 1994இல் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு தரச் சொன்னது.

காலிங்கராயன்: படத்தில் சாக்கடையும் பரிசலும் மட்டும்தானுங்க. அப்படியே இருக்கட்டும்.