டாவின்சி ரிசால்வ்: ஒரு ப்ராஜெக்டை மூடாமல் இன்னொன்றுக்கு மாறுவது எப்படி?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஒரே குடும்பத்தின் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு ஆகிய மூன்றின் வீடியோக்களையும் டாவின்சி ரிசால்வ் 18 என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் தனித்தனி ப்ராஜெக்டுகளாக வைத்து எடிட் செய்து வருகிறேன். நிச்சயதார்த்தத்துக்காகச் செய்த பெயர் டைட்டிலையும் கலர் கிரேடையும் (நிறத் திருத்தங்களின் தொகுப்பு) மற்ற இரண்டிலும் பயன்படுத்த வேண்டியுள்ளது. ஆனால் ப்ராஜெக்ட் மேனேஜருக்குச் சென்று வரவேற்பைத் திறந்தால் நிச்சயதார்த்தம் மூடிக்கொள்கிறது; மறுபடியும் அதைத் திறந்தால் எல்லாம் ஏறி முடியும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது. இரண்டையும் திறந்தே வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காப்பி செய்ய முடியுமா? கணினியில் 16 ஜிபி ரேம் உள்ளது.

பதில்:

வணக்கம். முடியும். ரிசால்வ் இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு ப்ராஜெக்டை மட்டுமே ரேமில் வைத்திருக்கும்; அதனால்தான் அடுத்ததைத் திறந்ததும் முந்தையது மூடப்படுகிறது. ஷிஃப்ட், 1 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி ப்ராஜெக்ட் மேனேஜரைத் திறந்து, காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் 'டைனமிக் ப்ராஜெக்ட் ஸ்விட்சிங்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ப்ராஜெக்டும் ரேமிலேயே தங்கும். திரையின் மேற்புறம் நடுவில் தெரியும் ப்ராஜெக்ட் பெயரைச் சொடுக்கினால் திறந்திருப்பவை அனைத்தும் பட்டியலாக வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும், மீண்டும் ஏறுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

டைம்லைனிலோ (காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடம்) மீடியா பூலிலோ (கோப்புகள் பட்டியலாக இருக்கும் இடம்) வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் சி அழுத்தி, ப்ராஜெக்டை மாற்றி, கண்ட்ரோல் வி அழுத்துங்கள். முழு டைம்லைனையும் இப்படியே கொண்டுபோகலாம். ஹார்டு டிஸ்கில் வீடியோ கோப்புகள் இரட்டிப்பாகா. புதிய ப்ராஜெக்டும் அதே கோப்புகளைத்தான் பார்க்கும். மாறுவதற்கு முன் ஒருமுறை கண்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமித்துவிடுவது நல்லது.

16 ஜிபி ரேமில் மூன்றையும் ஒருசேர ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. வேலை முடிந்ததும் அதே ரைட் கிளிக் பட்டியலில் உள்ள 'க்ளோஸ் ப்ராஜெக்ட்ஸ் இன் மெமரி' என்பதைக் கொடுத்தால் பின்னணியில் இருப்பவை இறங்கிவிடும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. டைட்டில் அப்படியே வந்துவிட்டது. ஆனால் அதே கிரேடை வரவேற்பில் போட்டதும் மணமகளின் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அரக்குப் பட்டின் ஜரிகை வெளுத்து, அதிலிருந்த வேலைப்பாடே தெரியவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே கேமராவில் எஸ்-லாக் 3-இல் (பின்னர் கலர் கிரேடு செய்வதற்கென்றே மங்கலாகப் பதிவாகும் சோனி முறை) எடுக்கப்பட்டவை. நிச்சயதார்த்தத்தில் இதே கிரேடு மிகச் சரியாக இருக்கிறது. காப்பி செய்யும்போது ஏதேனும் விடுபட்டிருக்குமா?

இன்னொருவரின் பதில்:

வணக்கம். கிரேடு முழுமையாகத்தான் வந்திருக்கும்; வேறுபாடு இரண்டு ப்ராஜெக்டுகளின் செட்டிங்கில் இருக்க வேண்டும். ஷிஃப்ட், 9 அழுத்தி ப்ராஜெக்ட் செட்டிங்ஸைத் திறந்து, 'கலர் மேனேஜ்மென்ட்' பகுதியில் 'கலர் சயின்ஸ்' என்ன என்பதை இரண்டிலும் பாருங்கள். நிச்சயதார்த்தத்தில் 'டாவின்சி ஒய்ஆர்ஜிபி' என்றும், வரவேற்பில் 'டாவின்சி ஒய்ஆர்ஜிபி கலர் மேனேஜ்டு' என்றும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் வகையில் மென்பொருள் தானாக எதையும் மாற்றாது. எஸ்-லாக் 3 காட்சி சாம்பல் பூத்தாற்போல மங்கலாகவே வரும். அதை ரெக் 709-க்குக் (வழக்கமான திரைகளுக்கான நிறத் தரம்) கொண்டுவர நீங்கள் ஒரு நோடில் (கிரேடின் ஒரு படி) 'கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்' போட்டிருப்பீர்கள். இரண்டாம் வகையில், கிளிப்பின் இன்புட் கலர் ஸ்பேஸ் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால், அந்த மாற்றத்தை ப்ராஜெக்டே செய்துவிடும். அதன்மேல் உங்கள் நோடும் சேரும்போது ஒரே மாற்றம் இரண்டு முறை நடக்கிறது; காண்ட்ராஸ்டும் நிறச்செறிவும் எகிறி, முகம் சிவந்து, ஜரிகை போன்ற பளிச்சிடும் இடங்கள் வெளுத்துப்போவது அதனால்தான்.

வரவேற்பில் கலர் வேலையை இன்னும் தொடங்கவில்லையென்றால், கலர் சயின்ஸை நிச்சயதார்த்தத்தில் உள்ளதுபோலவே மாற்றிவிடுங்கள். அதுதான் சிக்கலற்ற வழி. ஏற்கெனவே பல காட்சிகளைக் கிரேடு செய்திருந்தால் இந்தச் செட்டிங்கைத் தொடவே வேண்டாம், ஏனெனில் செய்து முடித்த எல்லாக் காட்சிகளின் தோற்றமும் ஒரே நேரத்தில் மாறிவிடும். அந்நிலையில் ஒட்டிய கிரேடில் உள்ள கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் நோடை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் டி அழுத்தி அணைத்துவிட்டு, மற்ற நோடுகளைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். அவை வேறொரு கலர் ஸ்பேஸை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால் சிறு திருத்தம் தேவைப்படும்.

கேட்டவர்:

நீங்கள் சொன்னது போலவே இருந்தது. வரவேற்பில் வெட்டும் வேலை மட்டுமே முடிந்திருந்ததால் கலர் சயின்ஸையே மாற்றினேன். முகமும் ஜரிகையும் இப்போது நிச்சயதார்த்தத்தில் இருப்பது போலவே உள்ளன. முகூர்த்தத்துக்கும் இதே கிரேடுதான் வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு ப்ராஜெக்டுகளை ரேமில் ஏற்றித்தான் ஆக வேண்டுமா?

இன்னொருவரின் பதில்:

தேவையில்லை. கலர் பேஜில் கேலரியைத் (கிரேடுகளை ஸ்டில் படங்களோடு சேமிக்கும் இடம்) திறந்து, 'பவர்கிரேடு' ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்த நிலையில் வியூவரில் ரைட் கிளிக் செய்து 'கிராப் ஸ்டில்' கொடுங்கள். சாதாரண ஸ்டில் அந்தந்த ப்ராஜெக்டோடு நின்றுவிடும். பவர்கிரேடோ அதே ப்ராஜெக்ட் லைப்ரரியில் உள்ள எல்லா ப்ராஜெக்டுகளிலும் கிடைக்கும். லோகோ, பின்னணி இசை போன்று அடிக்கடி தேவைப்படுபவற்றுக்கு மீடியா பூலில் 'பவர் பின்' இருக்கிறது. வியூ மெனுவில் 'ஷோ பவர் பின்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தெரியும்.

கலர் சயின்ஸ் உள்ளிட்ட செட்டிங்குகளையும் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் உள்ள 'ப்ரீசெட்ஸ்' பகுதியில் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து, முகூர்த்தத்தைத் திறந்து கிளிப்புகளைக் கொண்டுவருவதற்கு முன்பே அதை ஏற்றிவிடுங்கள். கிளிப்புகள் ஏற்கெனவே உள்ளே இருந்தால் பிரேம் ரேட்டை மாற்ற முடியாது. அப்படியானால் கலர் மேனேஜ்மென்டை மட்டும் கையால் மாற்றிக்கொள்ளுங்கள்.