மறு: சீலயனிங் – ‘வினாக்குடைச்சல்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அறியும் விருப்பம் இல்லாமலே, மரியாதையாகக் கேள்விமேல் கேள்வி கேட்டு ஒருவரைச் சோரவைக்கும் இணையத் தொல்லைக்கு ஆங்கிலத்தில் சீலயனிங் (sealioning) என்று பெயர். அதற்கு நாம் தேடும் தமிழ்ச் சொல்லாக, கடற்சிங்கமிடல், விதண்டாவாதம், நச்சரிப்பு என்று இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்: வினாக்குடைச்சல். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

ஆங்கிலப் பெயர் 2014இல் வந்த ஓர் இணையக் கேலிச்சித்திரத்தில் பிறந்தது. தனக்குக் கடற்சிங்கங்களைப் பிடிக்காது என்கிறாள் ஒரு பெண். உடனே ஒரு கடற்சிங்கம் வந்து நின்று, ஏன் அப்படிச் சொன்னீர்கள், ஆதாரம் உண்டா என்று மிக மரியாதையாகக் கேட்கிறது. வீட்டுக்குள்ளும் வந்து கேட்கிறது, படுக்கையறையிலும் விடவில்லை. வீடியோ கேம் துறைப் பெண்களை ட்விட்டரில் கூட்டம் கூட்டமாகத் துரத்திய கேமர்கேட் விவகாரமும் அதே ஆண்டில்தான் நடந்தது. அங்கே நடந்ததைச் சொல்ல இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கதை தெரியாதவருக்கு ‘கடற்சிங்கமிடல்’ எதையும் சொல்லாது, அந்த விலங்கு நம் கடலிலும் இல்லை. அதை விட்டுவிடலாம்.

> தன் கட்சி எதையும் நிறுவாமல் எதிராளியை மறுத்துக்கொண்டே இருப்பதுதானே விதண்டை? நியாய நூலார் (பழைய இந்தியத் தருக்க நூலாசிரியர்கள்) சொன்னது இதற்கு அப்படியே பொருந்துகிறதே.

ஓமலூர் ஐயா சொல்வது பாதி பொருந்துகிறது. ஆனால் விதண்டாவாதம் செய்பவரை எல்லாருக்கும் அடையாளம் தெரிந்துவிடும். “விதண்டாவாதம் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டு நகரலாம். நாம் பேசும் ஆள் அப்படி இல்லை. அவர் குரல் உயராது. “தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்றே ஒவ்வொரு முறையும் தொடங்குவார். பத்தாவது கேள்வியில் பொறுமை இழந்து சுள்ளென்று ஒரு வார்த்தை விடும் பெண்தான் பார்ப்பவர் கண்ணுக்குக் குற்றவாளி ஆகிறாள்.

ஏற்காட்டில் சிறு காபித் தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு அக்கா, நிழல் மரங்களை அதிகமாகக் கவாத்து செய்து வெயில் விழவிட்ட பக்கம்தான் அராபிகா செடிகளில் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் என்னும் பூச்சி அதிகம் என்று எழுதினார். புதிய செய்தி எதுவும் இல்லை. போதிய நிழல் வையுங்கள் என்றுதான் காபி வாரியமும் சொல்கிறது. ஒருவர் வந்தார். எத்தனை செடி பார்த்தீர்கள்? எந்த வருடம்? பக்கத்துத் தோட்டத்தோடு ஒப்பிட்டீர்களா? படம் உண்டா? அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார், படமும் போட்டார். படம் எடுத்த தேதி என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. சில நாள் கழித்து ஓர் அண்ணன் அதே கருத்தை ஒரே வரியில் போட்டபோது அதே நபர் கைகூப்பும் பொம்மை போட்டு நன்றி சொன்னார். அக்கா இப்போது அந்தக் குழுவில் எழுதுவதே இல்லை. துளைப்பான் விழுந்த செடியும் தொடக்கத்தில் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், தண்டுக்குள்தான் குடைந்திருக்கும். எனக்குக் ‘குடைச்சல்’ என்ற சொல் தோன்றியது அங்கேதான். “குடைந்து குடைந்து கேட்டான்” என்பது ஏற்கெனவே நம் பேச்சில் உள்ளது, “குடைச்சல் கொடுக்கிறான்” என்பதும் உள்ளது. சொல்லைக் கேட்டதுமே பொருள் புரிகிறது. நச்சரிப்பில் அது இல்லை. பொம்மை கேட்டு அழும் குழந்தையும் நச்சரிக்கத்தான் செய்கிறது.

இனி ஆத்தூர் அக்காவின் கவலை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

> பெண் பிள்ளைகளை வகுப்பில் ‘கேள், கேள்’ என்று பழக்குகிறேன். கேள்வி கேட்பதே தொல்லை என்று ஆக்கிவிடும் சொல் எனக்கு வேண்டாம்.

எனக்கும் வேண்டாம் அக்கா. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஆறிலும் கேட்பவருக்கு ஒரு நோக்கம் உண்டு. தெரிந்துகொள்ள, சோதிக்க, வாங்க, கொடுக்க, ஒரு வேலையைச் செய்யவைக்க. நம் ஆள் கேட்பது அறியா வினாவின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறது, ஆனால் பதில் வந்தாலும் அதற்கு நிறைவு கிடையாது. அடையாளம் காண ஒரு வழி உண்டு. கிடைத்த பதில் அடுத்த கேள்வியைக் கொஞ்சமாவது மாற்றுகிறதா என்று பாருங்கள். மாற்றினால் அது வினா, எத்தனை கடுமையாக இருந்தாலும் சரி. மாற்றவே இல்லை என்றால் குடைச்சல். உங்கள் மாணவிகள் இந்தச் சொல்லுக்குள் வரவே மாட்டார்கள். வரையறையிலேயே இதை எழுதிவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வழக்கம் பெயர் வருவதற்கு முன்பே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. சூசன் ஹெரிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு பெண்ணிய இணையக் குழுவில் புகுந்த ஒருவரைப் பற்றியது. உண்மையான ஆர்வம்போலத் தோன்றும்படி எழுதி, முடிவில்லாத வாதத்துக்கு இழுத்து, குழுவின் நேரத்தைத் தின்றார் அவர். எல்லாரையும் பேசவிடவேண்டும் என்ற அந்தப் பெண்களின் நல்ல கொள்கைதான் அவருக்கு வசதியாகப் போயிற்று.

அப்புறம், ஆண்-பெண் பால் பற்றி. ஆண்களுக்கும் இது நடக்கிறது, ஆகவே சொல்லில் பால் வேண்டாம் என்று ஓமலூர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். விளக்கத்தில் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கு மட்டும் ஒப்பமாட்டேன். ஒருவர் வைத்துக்கொள்ளும் பெயர் ஒன்றே இணையத்தில் மற்றவர்கள் அவரை நடத்தும் விதத்தை மாற்றிவிடும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் 2006இல் அரட்டை அறைகளில் செய்த சோதனையில், பெண் பெயர்களுக்கு வந்த மிரட்டலும் ஆபாசமுமான தனிச்செய்திகள் ஆண் பெயர்களுக்கு வந்ததைப்போல ஏறத்தாழ 25 மடங்கு. அது வேறு வகைத் தொல்லைதான், குடைச்சல் அல்ல. ஆனாலும் யார் மீது கை ஓங்க எளிது என்பது அதில் தெரிகிறது. எனவே விளக்கத்தில் “பெரும்பாலும் பெண்கள்மீது செலுத்தப்படுவது” என்ற தொடர் இருக்கட்டும்.

வடிவங்கள்: பெயர் வினாக்குடைச்சல், வினை வினாவிக் குடைதல். செய்பவருக்கு வினாக்குடைஞர் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். கலைஞர், அறிஞர் வரிசையில் அது போய் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. குடைச்சல்காரர் போதும்.

ஆத்தூர் அக்கா, வினாவையும் குடைச்சலையும் பிரிக்க மேலே சொன்ன வழியை ஒருமுறை படித்துவிட்டு, வினாவுக்கு ஒன்றும் குடைச்சலுக்கு ஒன்றுமாக இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எழுதி அனுப்புவீர்களா? வகுப்பறை வாக்கியங்களாகவே இருந்தால் நல்லது.

அன்புடன்,
அம்மாபேட்டை, சேலம்