ரிவால்வருக்குத் தோல் உறை: வாங்கியவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

மேட்டுப்பாளையத்தான்:
லைசென்ஸ் வந்துவிட்டது, கான்பூர் ஆலையில் செய்த .32 (குழல் அளவு, அங்குலத்தில்) ரிவால்வரும் வந்துவிட்டது, உறைதான் பாக்கி. கடைக்குப் போகும்போதெல்லாம் போன ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தது ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. பந்தி முடிந்து கை கழுவ நிற்கிறோம். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. குனிந்து வாய் கொப்பளித்தார். சட்டைக்கு அடியிலிருந்து ரிவால்வர் நழுவி, ஈரத் தரையில் டங்கென்று விழுந்து, சுற்றிக்கொண்டே போய் எச்சில் இலை போடும் கூடைக்குப் பக்கத்தில் நின்றது. யாரும் கத்தவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும் "தாத்தா, உங்க துப்பாக்கி" என்று எடுத்துக்கொடுக்கக் குனிந்தான். அவன் அம்மா பின்னாலிருந்து இழுத்த இழுப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெரியவர் துண்டில் துடைத்து மறுபடி சொருகிக்கொண்டு பாயசம் நன்றாக இருந்ததா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்!

அந்த உறையைப் பார்த்தேன். வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார். மேல் வாரின் பிரஸ் பட்டன் பிய்ந்துபோய் வார் தொங்கிக்கொண்டிருந்தது. வாய்ப் பக்கம் தோல் வாடிய வெற்றிலை மாதிரி மடங்கிக் கிடந்தது. இப்போது எந்தக் கடைக்காரர் உறையை நீட்டினாலும் முதலில் பட்டனைத்தான் இழுத்துப் பார்க்கிறேன். அவர்களோ மேலே அச்சடித்த சிங்கத்தைக் காட்டுகிறார்கள்.

ரிட்டயர்டு எஸ்.ஐ.:
தம்பி, உறை கிடக்கட்டும், அவர் ஏன் அங்கே கொண்டு வந்தார்? லைசென்ஸ் புத்தகத்தில் நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. திருவிழா, சாமி ஊர்வலம், மக்கள் கூடும் இடம், பள்ளி கல்லூரி வளாகம், இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் கொண்டு போகக்கூடாது. கல்யாணம் தனியார் நிகழ்ச்சிதானே என்று வாதம் செய்வார்கள். ஐந்நூறு பேர் சாப்பிடுகிற இடம், அப்புறம் உங்கள் இஷ்டம்.

என் கதை உறையோடு சம்பந்தப்பட்டதுதான். எங்களுக்கு .38, மூடி போட்ட பழுப்புத் தோல் உறை, குறுக்குப் பட்டையோடு சேர்த்துப் போடுவது. (அந்தப் பெல்ட்டுக்கே சாம் பிரவுன் என்றுதான் பெயர். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர், 1858-இல் சண்டையில் இடது கை போனபிறகு, ஒரே கையால் வாளை உருவ வசதியாக அதைச் செய்துகொண்டார் என்பார்கள்.) ஒரு மழைக்கால பந்தோபஸ்து, விடிய விடிய நனைந்தோம். அறையில் கூட இருந்தவர் தன் உறையை வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக் காயவைத்தார். அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். அதிகாரி "எடுங்க பார்ப்போம்" என்றார். இவர் இழுக்கிறார், ரிவால்வர் வரவில்லை, பெல்ட்டும் உறையும் சேர்ந்து மார்புவரை மேலே வருகின்றன. தோல் சுருங்கி, தோட்டா இருக்கும் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிட்டது. வரிசையில் நின்ற எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை. நிஜமாகவே ஒருவன் கத்தியோடு எதிரே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

ஆம்பூர் தோல்காரன்:
எஸ்.ஐ. சார் சொன்னது நூற்றுக்கு நூறு. அடுப்பு, வெயில், ஹேர் டிரையர் எதுவும் கூடாது, நிழலில்தான் காயவேண்டும்.

என் அனுபவம் சின்னது. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா, அப்போது எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குத் துணையாகப் போனேன். மழைக்காலம் முழுக்க பீரோவுக்குள் உறையிலேயே கிடந்த ரிவால்வர். மேசைமேல் வைத்து உருவினார். பேரலின் ஒரு பக்கம், தையல் ஓடும் இடத்துக்கு நேராக, நூல் பிடித்தது போல ஒரு துருக்கோடு. ரைட்டர் ரசீதில் "துரு உள்ளது" என்று எழுதிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார். அந்த உறையை விற்றது நாங்கள் இல்லை என்றாலும் எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று.

அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கடையில் மெத்தென்று பளபளப்பாகத் தொங்குவதில் முக்கால்வாசி குரோம் தோல், அதாவது குரோமிய உப்புப் போட்டுப் பதனிட்டது. ஷூவுக்கும் கைப்பைக்கும் அருமையானது, உறைக்கு வேண்டாம். நனைத்து அச்சுப் பிடித்தால் நிற்காது, தளர்ந்துவிடும், உள்ளே இருக்கும் உப்பு இரும்புக்கும் ஆகாது. உறைக்குப் பட்டைத் தோல்தான். திண்டுக்கல், திருச்சி செம்பட்டுப் பக்கம் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்களே, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று வெளிநாட்டுக்குப் போனதே, அந்த வகை. இப்போது பெரும்பாலும் ஆவாரம்பட்டைக்குப் பதில் வாட்டில் சாறு, பரவாயில்லை, அதுவும் மரப்பட்டைதான். எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பலாகத் தெரிந்தால் குரோம். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டை. சாயம் பூசாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் பட்டைத் தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும். கனம் மூன்று முதல் மூன்றரை மில்லிமீட்டர் இருக்கட்டும். ஆட்டுத்தோல் தலையில் கட்டப் பார்ப்பார்கள், மாடு அல்லது எருமைதான் வேண்டும். வாய்ப் பக்கம் இன்னொரு துண்டு வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும், முடிந்தால் உள்ளே மெல்லிய தகடு. ரிவால்வரை உருவிய பிறகும் வாய் திறந்தே நிற்கவேண்டும், அதுதான் பரீட்சை. புதிது இறுக்கமாக இருந்தால், தோட்டாக்களை எடுத்துவிட்ட ரிவால்வரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி ராத்திரி உறைக்குள் வைத்துவிடுங்கள், போதும். எண்ணெய் தடவித் தடவி ஊறவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்ச நாளில் தோல் தொளதொளவென்று ஆகிவிடும். மேலே மெழுகு பாலிஷ் மட்டும். தோட்டா செருகும் வார் உள்ள பெல்ட் வேண்டாம், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி தனி, உறை தனி.

ஹூஸ்டன்வாசி:
ஆம்பூர் பாய் இவ்வளவு எழுதியதற்கு நன்றி, ஆனால் தோலே எதற்கு என்று கேட்கிறேன். இங்கே டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு போகலாம், வெளியே தெரிந்தால் உறையில் இருக்கவேண்டும் என்பதுதான் கண்டிஷன். அதனால் கண்ட கண்ட உறையோடு சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு வருகிறார்கள். ஒருநாள் பக்கத்து லேனில் ஒருவர் நன்றாகப் பழகிய தோல் உறையில் பிஸ்டலைத் திரும்பச் செருகப் போனார். பயிற்சியாளர் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார். கையை அப்படியே நிறுத்தி, பார் என்று காட்டினார். உறையின் வாயோரத் தோல் உள்பக்கமாக மடிந்து ட்ரிக்கர் கார்டுக்குள் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) விரல் போல நுழைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் அவர் தொடையிலேயே வெடித்திருக்கும். அன்றைக்கே கைடெக்ஸ் வாங்கிவிட்டேன். பிளாஸ்டிக்தான், அழகில்லைதான், மடங்காது.

ரிட்டயர்டு எஸ்.ஐ.:
ஹூஸ்டன் தம்பி, உங்கள் ஊர் பிஸ்டலுக்கு அது சரி. பெரும்பாலும் அதில் ட்ரிக்கர் லேசு, தோட்டாவை வெடிக்க அடிக்கும் ஹேமரும் வெளியே கிடையாது. எங்கள் .32 டபுள் ஆக்‌ஷன், ஹேமர் இறங்கியிருந்தால் ட்ரிக்கரை நீளமாக, பலமாக இழுத்தால்தான் சுடும். உறைக்குள் போகும்போது கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்துக்கொண்டால் அது அசைந்தாலே தெரிந்துவிடும். அதைப் பழகினால் தோல் போதும். அப்புறம் இங்கே 2016 ஆயுத விதிகள்படி வெளியே தெரியாமல் மூடித்தான் கொண்டு போகவேண்டும். நம் ஊர் வேர்வையில் பிளாஸ்டிக்கை இடுப்போடு ஒட்டி ஒரு நாள் போட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

ஹூஸ்டன்வாசி:
ஹூஸ்டனில் வேர்வை இல்லை என்று யார் சொன்னது சார்? ஆகஸ்டில் வந்து பாருங்கள், சென்னை தோற்றுவிடும்.

வால்பாறை இடதுகைக்காரி:
எல்லோரும் பெல்ட்டையே பேசுகிறீர்கள். அப்பா போனபிறகு வாரிசு முறையில் மனுப் போட்டு அவர் .32 என் பெயருக்கு வந்தது. எஸ்டேட்டில் தனியாக இருக்கிறேன். உறை கேட்டுப் போன கடையில் முதல் கேள்வி, "சாருக்கா மேடம்?" எனக்குத்தான் என்றேன். இடது கை என்றும் சொன்னேன். அவர் ஒரு வலது கை உறையை எடுத்துத் திருப்பி என் இடது இடுப்பில் வைத்து, "அவ்வளவுதான் மேடம், வேலை முடிஞ்சுது" என்கிறார். வாரின் பட்டன் என் விலாவுக்கும் தோலுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் நுழைய இடமே இல்லை. நீங்களே திறந்து காட்டுங்கள் என்றேன். அவர் பேசாமல் டீ சொல்லிவிட்டார்.

பெண்களுக்கென்று 2014-இல் நிர்பீக் என்று அரை கிலோ எடையில் கான்பூரிலிருந்து ரிவால்வரே வந்தது. சுடிதாருக்கும் புடவைக்கும் பொருந்துகிற உறை மட்டும் இன்றுவரை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

மேட்டுப்பாளையத்தான்:
அக்கா, கைப்பையில் வைத்துக்கொள்ளலாமே? தனி அறை உள்ள பை வாங்கி, அந்த அறைக்குள் சாவி, பேனா, சில்லறை எதுவும் போடாமல், உள்ளே உறையைத் தைத்து நிறுத்தி, பையை எப்போதும் குறுக்கே மாட்டிக்கொண்டு, இடது கை போகும் பக்கம் ஜிப் வருகிற மாதிரி

வால்பாறை இடதுகைக்காரி:
தம்பி, பைக்கில் வருகிறவன் சங்கிலியை விட்டுவிட்டுப் பையைப் பறித்தால் துப்பாக்கியும் சேர்ந்து போகும். ஸ்டேஷனில் போய் என்னவென்று எழுதிக்கொடுப்பேன்? உடம்பில்தான் இருக்கவேண்டும். பாய், இடது கைக்குச் செய்து தருவீர்களா? துப்பாக்கியை அங்கே விட்டுவிட்டு வரவேண்டுமா?

ஆம்பூர் தோல்காரன்:
ஐயையோ, விட்டுவிட்டெல்லாம் போகாதீர்கள் மேடம். லைசென்ஸ் இல்லாத என் கையில் அது ஒரு ராத்திரி இருந்தாலும் உங்களுக்கும் கேஸ், எனக்கும் கேஸ். கான்பூர் .32 அளவுக்குத் தேக்குக் கட்டையில் செதுக்கிய அச்சு என்னிடம் இருக்கிறது. நனைத்த தோலை அதில் போட்டு, ட்ரிக்கர் கார்டு ஓரத்தையும் சிலிண்டர் மேட்டையும் எலும்புக் கட்டையால் தேய்த்து எடுத்துவிடுவேன். கடைசியில் ஒருமுறை மட்டும் நிஜ ரிவால்வரை நீங்களே உங்கள் கையால் வைத்துப் பார்க்கவேண்டும், அரை மணி நேர வேலை. உங்கள் லைசென்ஸ் செல்லுபடியாகும் எல்லை கோயம்புத்தூர் மாவட்டம் மட்டுமா, தமிழ்நாடு முழுக்கவா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தோட்டா வீட்டிலேயே இருக்கட்டும். மேட்டுப்பாளையம் தம்பி, உங்களுக்கு வேட்டியா, பேண்ட்டா? அதைச் சொன்னால்தான் கொக்கியா லூப்பா என்று முடிவு செய்ய முடியும்.

மேட்டுப்பாளையத்தான்:
பேண்ட்தான் பாய். பட்டன் நல்லதாகப் போடுங்கள்.