சீக்கிரம் பருவமடையும் சிறுமிகளும் மனச்சோர்வும்: இனம் காப்பாற்றுகிறதா?

பொன்மணி:
அமெரிக்காவில் 17,077 சிறுமிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. மார்பு வளரத் தொடங்கும் சராசரி வயது கறுப்பினச் சிறுமிகளுக்கு 8.87, வெள்ளையினச் சிறுமிகளுக்கு 9.96. உடல் முந்திக்கொண்டால் மனம் தவிக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் 1999இல் ஹேவர்ட் குழு ஆராய்ந்தபோது, பருவ வளர்ச்சியோடு மனச்சோர்வும் சேர்ந்து கூடியது வெள்ளையினச் சிறுமிகளிடம்தான். கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய வழிவந்த) சிறுமிகளிடம் அப்படித் தெரியவில்லை. சதை பிடிப்பதைக் குறையாகப் பேசாத வீடும் ஊரும் பிள்ளையைக் காப்பாற்றுகின்றன என்பது என் கட்சி.

தென்றல்:
ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. ஹேவர்ட் குழுவின் ஆய்வு, உடல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தது. கூடப் படிக்கிறவர்களைவிட முந்தி நடந்ததா என்பது வேறு கேள்வி. ஜார்ஜியா, அயோவா மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளை மட்டும் வைத்து கே குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் பருவமடைந்த சிறுமிகளிடம் மனச்சோர்வு அதிகமாகவே இருந்தது. "இவர்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று பெரியவர்கள் நம்பிவிட்டால், அந்தப் பிள்ளையிடம் யார் போய் விசாரிப்பார்கள்?

பொன்மணி:
ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லையே. தங்கள் உடலைப் பற்றிய திருப்தி கறுப்பினச் சிறுமிகளுக்குக் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பலத்தை ஏன் மறைக்க வேண்டும்?

தென்றல்:
மறைக்க வேண்டாம். ஆனால் அது கண்ணாடி முன்னால் நிற்கும்போது உதவும் பலம். பள்ளி வராந்தாவில்? ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியின் 2017 அறிக்கையைப் பாருங்கள். கறுப்பினச் சிறுமிகளுக்கு ஆதரவும் பாதுகாப்பும் குறைவாகப் போதும், அவர்களுக்குப் பெரியவர்கள் சங்கதி கூடுதலாகத் தெரியும் என்று அமெரிக்கப் பெரியவர்கள் எண்ணுகிறார்கள். 5 வயதுப் பிள்ளையைப் பற்றியே அப்படி எண்ணுகிறவர்கள், 9 வயதில் மார்பு வளர்ந்தவளை எப்படிப் பார்ப்பார்கள்? அவளுக்கு இன்னும் பொம்மை வேண்டும். எனக்கு வயிறு எரிகிறது.

மலர்விழி:
நடுவில் வருகிறேன். 8.87 என்றால் மூன்றாம் வகுப்பு. அங்கே பல பள்ளிகளில் பருவ மாற்றம் பற்றிய பாடம் வருவது நான்கு, ஐந்தாம் வகுப்பில். தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பயப்படுகிற பிள்ளைக்கு உங்கள் இருவர் வாதத்திலும் பதில் இல்லை.

பொன்மணி:
பாடத்தை முன்னுக்குக் கொண்டுவருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைத் தாயும் பாட்டியும் சொல்லட்டும்.

தென்றல்:
சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு? பள்ளிதான் சொல்ல வேண்டும் அக்கா, மூன்றாம் வகுப்பிலேயே.