அடுப்பு மூட்டும் முன்பே பண்டான் வாசனை, தொட்டித் திட்டில் செம்பனைக் கொட்டை: இது என்ன?

நாசிலெமாக் அக்கா (கேள்வி)

வணக்கம். மலேசியா, ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்து முச்சந்தியில் பசியாறக் கடை வைத்திருக்கிறேன். நாசி லெமாக் (பண்டான் இலை போட்ட தேங்காய்ப்பால் சோறு), தோசை, கோப்பி, அவ்வளவுதான். இருபது வருஷமாக மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவள், இருட்டு எனக்குப் பழக்கம். எங்கள் லயத்தில் இப்போது தமிழர்கள் ஐந்தே வீடு. இரண்டு வீட்டில் பங்களாதேஷ் தம்பிகள். மீதி எல்லாம் பூட்டிக் கிடக்கிறது.

மூன்று வாரமாக நான் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே வீட்டுக்குள் பண்டான் இலை வாசனை அடிக்கிறது. லேசாக இல்லை. தேங்காய்ப்பால் சோறு கொதிக்கையில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி. "தினம் பண்டான் முடிச்சுப் போட்டுப் போட்டு உன் கையே மணக்குது" என்றார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை எனக்குக் கடை லீவு. ஞாயிறன்றே இலை தீர்ந்துவிட்டது, கொல்லைப் புதரிலும் வெட்டவில்லை. திங்கள் விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தால் அதே வாசனை, படுக்கையறைச் சீலிங்கிலிருந்து இறங்குகிறது. நாய் குரைக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அப்புறம் இந்தக் கொட்டை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் சிமெண்டுத் திட்டில் தினம் காலையில் செம்பனை (எண்ணெய்ப் பனை)க் கொட்டை குவிந்திருக்கிறது. ஒருநாள் எண்ணினேன், 27. மறுநாள் 31. பெருக்கித் தள்ளினால் அடுத்த நாள் அதே திட்டு, அதே மூலை. சிவப்புச் சதை ஒரு பொட்டும் இல்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது.

மாமியார் சூனியம் என்று முடிவே கட்டிவிட்டார். அடுத்த சந்தில் புதிதாகக் கடை போட்டவர்கள் மேல் சந்தேகம் வேறு. வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மக்சிக் (மலாய்க்கார அம்மா), பொந்தியானாக் என்கிற பெண் பேய் வருவதற்கு முன்னால் பூ வாசனைதான் வரும், பண்டான் வந்து கேள்விப்பட்டதில்லையே என்று யோசித்தார். அதுவே போதுமே, வாட்சாப்பில் ஏறிவிட்டது. மூன்றாம் வீட்டுக்காரர் ஒரு மந்திரக்காரருக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். கட்டிய மறுநாள் அவர் வீட்டு மரத்தில் பழுத்திருந்த பப்பாளியைக் காணோம்.

யாருக்காவது இந்த மாதிரி நடந்திருக்கிறதா? தயவுசெய்து "அக்கா கனவு கண்டீங்களா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கொட்டை கனவில் குவியாது.

கஹாங் மோட்டோர்

அக்கா, கனவு என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு நடந்ததைக் கேளுங்கள். நான் செம்பனை மில்லில் இரவு ஷிப்ட். ஒருநாள் பதினொன்றரைக்கு மோட்டோரில் வருகிறேன், தூறல். சடக்கு (ரோடு) ஓரத்தில் ஒரு வெள்ளை வேட்டி அந்தரத்தில் தொங்குகிறது. தலை இல்லை, கால் இல்லை. இடுப்பு உயரத்தில் வேட்டி மட்டும். பிரேக் பிடித்ததில் இஞ்சின் வேறு நின்றுவிட்டது. அப்போது வேட்டி நடக்க ஆரம்பித்தது.

முருகா என்று கத்தியது எனக்கே கேட்டது. அதற்கும் கேட்டிருக்கும் போல. மூக்கை நீட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தது. தாபிர்! மலாயில் தெனுக் என்பார்களே, அந்தக் காட்டு மிருகம்தான். முன்பக்கமும் காலும் கறுப்பு, நடு உடம்பு மட்டும் வெள்ளை. இருட்டில் கறுப்பு கறுப்போடு போய்விடும், வெள்ளை மட்டும் மிதக்கும். சில மாதம் கழித்து அதே இடத்தில் குட்டியோடு பார்த்தேன். குட்டிக்கு வேட்டி இல்லை, உடம்பெல்லாம் கோடும் புள்ளியும். தர்ப்பூசணிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும்.

ஆனால் தாபிர் சீலிங்கில் ஏறாது. அதனால் உங்கள் கேஸ் இது இல்லை. சும்மா சொன்னேன்.

ஜேபி பையன்

குளுவாங் என்ற பேரே கெளுவாங்கிலிருந்து வந்ததுதானே, அதாவது பழந்தின்னி வௌவால். ஊர் பேரிலேயே குற்றவாளி இருக்கும்போது வேறு யாரைத் தேடுகிறீர்கள்? வௌவால் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடுகிறது. கேஸ் முடிந்தது. வாசனைக்கு நாசி லெமாக்தான் காரணம், சாரி அக்கா.

பழைய மண்டோர்

வௌவால் இல்லை தம்பி. பழந்தின்னி வௌவால் சதையை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். மரத்தடியில் சக்கை சிதறிக் கிடக்கும். தினம் ஒரே திட்டில், ஒரே மூலையில் வந்து வைக்காது.

அக்கா, நான் 34 வருஷம் வெளிக்காட்டில் மண்டோராக (கங்காணியாக) இருந்தவன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான், அதைச் சொல்வதற்கு முன்னால் நீங்களே மூன்று காரியம் பாருங்கள்.

முதலில் கொட்டையை எடுத்து (கையால் வேண்டாம், குச்சியால்) வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எலி தின்றிருந்தால் பல் கோடு இருக்கும், நாரும் சிவப்புச் சதையும் பாதி ஒட்டியிருக்கும். ஒரு கோடும் இல்லாமல் முழுசாக இருந்தால் அது வாய் வழியாகப் போய் வேறு வழியாக வந்த கொட்டை. அடுத்தது, குவியலில் பப்பாளி விதை இருக்கிறதா பாருங்கள். மூன்றாம் வீட்டுக்காரரின் பப்பாளி எங்கே போனது என்று தெரிந்துவிடும். கடைசியாக, ராத்திரி திட்டில் கோல மாவைச் சலித்துத் தூவி வையுங்கள். பூனை என்றால் காலடியில் நாலு விரல் பதியும். ஐந்து பதிந்தால் முசாங்.

நம் ஊரில் மரநாய் என்பார்களே, அதுதான் முசாங். மலாய்க்காரர்கள் இதை முசாங் பண்டான் என்றே சொல்வார்கள். வாலுக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் வாசனை அப்படியே பண்டான் இலை. பழத்தைக் கொட்டையோடு விழுங்கும், சதை மட்டும் செரிக்கும். கழிப்பதற்கு மட்டும் அதற்கு ஒரு மேடை வேண்டும். மதில், விழுந்த மரம், பாறை, கூரை என்று உயரமாக, வெட்டவெளியாக ஓர் இடம் பிடித்துவிட்டால் அங்கேதான் திரும்பத் திரும்ப வரும். உங்கள் வீட்டுத் தொட்டித் திட்டு அதற்குப் பிடித்துப்போயிருக்கிறது.

செம்பனைக் காட்டில் இது புதிதே இல்லை. உதிரிப் பழம் பொறுக்குகிற பொம்பளைகளைக் கேட்டால் தெரியும், ஒற்றையடிப் பாதையில் விழுந்த மட்டை மேல் இதே கொட்டைக் குவியல் கிடக்கும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதே குவியல் வீட்டு வாசலுக்கு வந்தால்தான் சூனியம்.

கூகைக்கும் இதே கதைதான். எலியைப் பிடிக்கட்டும் என்று எங்கள் டிவிஷனில் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்தார்கள். முதல் ஜோடி குடிவந்த மாதம் ராத்திரி ஜாகா (காவல்காரர்) ஒருவர் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். பாவம், அவரைக் குறை சொல்லமாட்டேன். பெண்பிள்ளை கத்துவது மாதிரி ஒரு கிறீச்சல், டார்ச் அடித்தால் வெள்ளை முகம், இறக்கை அடிக்கிற சத்தமே கேட்காது. காலையில் பெட்டிக்குக் கீழே உருண்டை உருண்டையாக எலி முடியும் எலும்பும் கிடக்கும். முழுசாக விழுங்கிவிட்டுச் செரிக்காததைத் திருப்பித் துப்புகிற பறவை அது. அதையும் யாரோ மந்திரித்துப் போட்டது என்றுதான் முதலில் சொன்னார்கள்.

அதை விடுங்கள், ஒரு வண்டைப் பற்றிச் சொல்கிறேன். என் அம்மா காலத்தில் செம்பனைப் பெண்பூவுக்கு மகரந்தத் தூள் ஊதுவதே ஒரு கைவேலை. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து நம் குளுவாங் பக்கம்தான் முதலில் விட்டார்கள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. அது பூவுக்குப் பூ போய் வேலையை முடித்துவிட, அம்மா உதிரி பொறுக்கப் போனார். "இத்தனூண்டு பூச்சி என் பேரை செக்ரோலிலிருந்து (வேலையாள் பட்டியல்) அடிச்சிருச்சு" என்று கடைசிவரை சொல்வார். எங்கேயோ போய்விட்டேன். மாவு தூவிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அக்கா.

ஓய்வு டீச்சர்

மண்டோர் ஐயா சொன்னதே சரி என்று எனக்கும் படுகிறது. ஜேபி தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் ஒன்று: வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1998, 99இல் நிப்பா கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்து நம் நாட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பெயரே நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான். முசாங் எச்சத்தையும் கையுறை போட்டு அள்ளி, திட்டைக் குளோராக்ஸ் ஊற்றிக் கழுவுங்கள். சாப்பாட்டுக் கடை நடத்துகிறீர்கள்.

இன்னொன்று, யாரும் கட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2015இல் சரவாக் சிபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முடியே இல்லாத ஒரு மிருகம் வந்தது. சுருங்கிய தோல், நீண்ட நகம். தொழிலாளர்கள் பயந்து அடித்தார்கள், வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. என்னென்னவோ பெயர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் நோயில் முடி கொட்டிப்போன சூரியக் கரடி. அந்த வீடியோவை வகுப்பில் ஒரு பையன் என்னிடம் காட்டினான். அது அடி வாங்கிக்கொண்டு நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

நாசிலெமாக் அக்கா

மண்டோர் அண்ணே, நீங்கள் சொன்ன மூன்றும் செய்தேன்.

கொட்டையைக் குச்சியால் புரட்டினேன். ஒரு பல் கோடும் இல்லை. நடுவில் பப்பாளி விதை, மிளகு மாதிரி. அதைப் படம் பிடித்து மூன்றாம் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

நேற்று ராத்திரி மாவு தூவினேன். மாமியார் விடவில்லை, தூவுவதுதான் தூவுகிறாய், கோலமாகப் போட்டால் காப்பாகவும் இருக்கும் என்று அவரே திட்டில் நாலு புள்ளிக் கோலம் போட்டார். மூன்று மணிக்கு நானும் வீட்டுக்காரரும் சமையலறை ஜன்னலில் நின்றோம். வாசனை முதலில் வந்தது. அப்புறம் சீலிங்கில் மெத்தென்று ஏதோ நடந்தது. கூரை ஓரத்தில் ஒரு பலகை பெயர்ந்திருக்கிறது, அந்தச் சந்திலிருந்து முதலில் ஒரு வால் வந்தது. வாலே உடம்பு நீளம் இருக்கும். சாம்பல் நிறம், முகத்தில் முகமூடி கட்டிய மாதிரி கறுப்பு. தலைகீழாக ஜிங்க் குழாயைப் பிடித்து இறங்கியது. திட்டுக்குப் போய், கோலத்தின் நடுவில், என்ன சொல்ல, வேலையை முடித்துவிட்டு எங்களைப் பார்த்தது. வெட்கமே இல்லை. அப்புறம் மதில் மேல் நடந்து செம்பனைக்குள் போய்விட்டது.

ஐந்து விரல் அண்ணே. மாவில் அச்சு அச்சாக இருக்கிறது.

இப்போது வேறு பிரச்சினை. அது போன பிறகும் சீலிங்கில் கீச் கீச் என்று சத்தம். குட்டி இருக்கிறது போல. வீட்டுக்காரர் பலகையை உடனே அடித்து மூடுகிறேன் என்கிறார்.

பழைய மண்டோர்

வேண்டாம் அக்கா, அவரைச் சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். குட்டி உள்ளே இருக்கும்போது மூடினால் தாய் முசாங் கூரையையே பிய்க்கும், குட்டி செத்து நாறும். அப்போது பண்டான் வாசனைக்கு ஏங்குவீர்கள். குட்டிகள் தாயோடு வெளியே நடமாட ஆரம்பிக்கிற வரை பொறுங்கள். எல்லாம் போன ஒரு ராத்திரி பார்த்து மூடுங்கள். அவசரம் என்றால் வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தானுக்குப் போன் செய்யுங்கள், கூண்டோடு வருவார்கள். நாமே பிடித்து வைத்தால் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோம். எலி மருந்து மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். முசாங் எலியும் தின்னும். மருந்து தின்ற எலியைத் தின்றால் அதற்கும் ஆகாது.

ஜேபி பையன்

அக்கா, முசாங் விழுங்கிக் கழித்த கொட்டையில் போடுகிற கோப்பி லுவாக் இதே முசாங் வேலைதானே? கோப்பிப் பழம் தின்னக் கொடுத்தால் நீங்கள் கோடீஸ்வரி. வௌவாலிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நாசிலெமாக் அக்கா

தம்பி, நான் விற்கிற கோப்பி ஒரு வெள்ளி எண்பது காசு. அது எங்கிருந்து வந்தது என்று வாடிக்கையாளர் கேட்கிற நிலைமை எனக்கு வேண்டாம்.

பத்து நாள் ஆகிறது. பலகையை மூடவில்லை. மூன்று குட்டி, நேற்று முதல்தடவை மதில் வரை வந்தன. மக்சிக் வந்து பார்த்துவிட்டு, ஹந்து (பேய்) இல்லையென்று தெரிந்ததில் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். மாமியார் சூனியப் பேச்சை விட்டுவிட்டார், ஆனால் கோலத்தை விடவில்லை. காலையில் எனக்கு முன்னால் கையுறை போட்டுக்கொண்டு திட்டுக்குப் போய்விடுகிறார். தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "இன்னிக்கு ரம்புத்தான் தின்னுருக்கு. யார் வீட்டுதுன்னு தெரியல."

கடையில் உட்கார்ந்து பசியாறுகிறவர்கள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே.