முன்தேவை வேண்டாம், முற்பயில்வு என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு துறைநூலைத் திறக்குமுன் வாசகர் பழகியிருக்க வேண்டியவற்றுக்கு (ஆங்கிலத்தில் prerequisite) தமிழில் ‘முன்தேவை’ என்ற சொல்லே போதும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தேவை என்றால் கையில் இருக்கிறதா, இல்லையா என்பதோடு கேள்வி முடிந்துவிடும்.

அப்பா இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது வருடத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர், அதாவது செடி புதிதாகத் துளிர்க்கும்படி கிளைகளைக் கத்தரித்தவர். பல்கலைக்கழக விடுமுறையில் தேயிலைச் செய்கை பற்றிய நூலொன்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கவ்வாத்துக்கு முன் வேரில் மாப்பொருள் (மாவுச்சத்து) போதியளவு இருக்கிறதா என்று அயடீன் விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தது. மாப்பொருள் இருந்தால் கருநீலமாகும் என்பது பள்ளியிலேயே படித்தது. ஆனால் அதை ஏன் வேரில் தேடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு அயடீன் தெரியாது. நான் வாசித்து முடிக்குமுன்பே, “எலயெல்லாம் வெட்டிப்புட்டா செடி எதத் தின்னுட்டுத் துளுக்கும்? வேருல இருக்கறதத்தான்” என்றார். நூலின் அந்தப் பக்கம் எங்கள் இருவரின் பழக்கமும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் வாசகருக்காக எழுதப்பட்டது. அதை நூலாசிரியரின் குறை என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் விளக்கப் புகுந்தால் ஒவ்வொரு நூலையும் அரிச்சுவடியிலிருந்தல்லவா தொடங்கவேண்டும்?

‘முன்னறிவு’ம் பொருந்தாது. பிரான்சில் 1930களில் கூடிய கணிதர் குழுவொன்று நிக்கொலா பூர்பாக்கி என்ற புனைபெயரில் எழுதிய நூல்வரிசை, கணிதத்தை முதலிலிருந்தே தொடங்குகிறது. குறிப்பிட்ட கணித அறிவு எதுவும் வேண்டாம், கணித முறையில் சிந்தித்த பழக்கமும் அருவமாக எண்ணும் ஆற்றலும் போதும் என்கிறது அதன் முகப்புக் குறிப்பு. அந்தப் பழக்கம் வர வருடக்கணக்காகும். ஹற்றனில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் என்ற பாடம் படிப்பிக்கிறேன். சூத்திரம் அத்தனையும் மனப்பாடமான பிள்ளை ஒரு நிறுவலின் (நிரூபணத்தின்) நடுவரியில் திகைத்து நிற்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அறிவில் குறையில்லை, நிறுவலைத் தன் கையால் எழுதிப் பழகவில்லை.

ஆகவே ‘முற்பயில்வு’. ‘பயில்’ என்ற வினையில் கற்பதும் உண்டு, திரும்பத் திரும்பச் செய்து பழகுவதும் உண்டு. முற்பகல், முற்பணம் போலப் புணர்ச்சியும் இயல்பாக வருகிறது. ‘இந்நூலுக்கான முற்பயில்வு: வகையிடல், தொகையிடல்’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை. ‘முற்பயிற்சி’ என்றும் வைக்கலாம்தான். ஆனால் இங்கே ‘பயிற்சி’ என்றதும் ஆசிரியர்களுக்கு நினைவு வருவது இரண்டு நாள் செயலமர்வு. அதனால் அதைத் தவிர்த்தேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தங்கள் துறைநூலில் ஒரு வரியில் இச்சொல்லைப் பொருத்திக் காட்டி மறுத்தால் நல்லது.